குவளை அண்ணன் காத்த தண்ணீர்

இந்த உலகத்தில் தண்ணீர் குடிக்கத் தெரிந்தவர் குவளை அண்ணன் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாரும் சும்மா விழுங்குகிறோம். இது என் கணிப்பு அல்ல, அவருடைய தீர்ப்பு.

எழுபதுகளில் ஈப்போவை ஒட்டிய எங்கள் ரப்பர் தோட்டத்துச் சாலை முனையில், போகிறவர் வருகிறவர் குடிப்பதற்கென்று ஒரு கல் ஊற்று இருந்தது. அந்தக் காலத்துத் துரை ஒருவர், சீமையில் தம் ஊரில் இடிந்துபோன பல நூறு வருஷத்து மாதா கோயிலின் கற்களைக் கப்பலில் வரவழைத்துக் கட்டியது. கல்லில் ஒரு தாடிக்காரப் புனிதரின் முகம். அவர் வாயிலிருந்து தண்ணீர் கொட்டும். ரப்பர் ஆலையில் வேலை முடிந்ததும் அண்ணன் தகரக் குவளையோடு அங்கே நின்றுவிடுவார். குடிக்காமல் ஒருவரும் தாண்ட முடியாது. பக்கத்து ஊரான ஜெலாப்பாங்கில் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும் எனக்கும் அதே கதிதான். ஒருமுறை கல்யாணக் காரையே நிறுத்திவிட்டார்.

"மாப்ள, பொண்ணு எங்கயும் ஓடிறாது. ஒரு கொவள குடிச்சிட்டுப் போலாம்லா."

மாப்பிள்ளை குடித்தார். பட்டு வேட்டி நனைந்ததுதான் மிச்சம்.

பிறகு தோட்டம் கைமாறியது. வீடுகள் வரப்போகின்றன, சாலையை அகலப்படுத்த ஊற்றை இடிக்க வேண்டும் என்றார்கள். அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. இடிக்க வந்த அன்று காலையில் பார்த்தால், புனிதரின் நெற்றியில் குங்குமம், கழுத்தில் மஞ்சள் துணி, வாயோரம் நனைந்துபோன ஒரு சுருட்டு. அசல் முனியாண்டி. டிராக்டர் ஓட்டுநர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கீழே இறங்கினார்.

"சாமி மேல ஏத்தச் சொல்லாதீங்க தவுக்கே. எனக்குப் புள்ளகுட்டி இருக்கு."

சாலை வேலையைக் குத்தகை எடுத்த சீன முதலாளியான தவுக்கேயும் ஊதுவத்தி கொளுத்திக் கும்பிட்டுவிட்டு, சாலையையே வளைத்துப் போட்டார்.

ஊற்று பிழைத்தது, அண்ணன்தான் மாட்டிக்கொண்டார். தண்ணீர் தீர்த்தமாகிவிட்டது. வருகிறவர்கள் உள்ளங்கையில் ஒரு சொட்டு வாங்கித் தலையில் தெளித்துக்கொண்டு போனார்கள். எச்சில் படக்கூடாது என்று குவளையையும் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள்.

"தாகத்துக்குக் குடிக்க ஒரு ஆளு இல்லியே தம்பி. இதுக்கு இடிச்சே இருக்கலாம்" என்று என்னிடம் அழாத குறையாகப் புலம்பினார். கடைசியில் பொறுக்க முடியாமல், ஒரு வெள்ளிக்கிழமை பூசையில் உண்மையைப் போட்டு உடைத்தார்.

"இது சாமி இல்லலா. சீமக் கல்லு. பொட்டு வச்சது நாந்தான்."

ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டும் பார்வதி அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமியேதான் ஒங்க கையால பொட்டு வச்சுக்கிச்சு அண்ணே."

அண்ணன் திருதிருவென்று விழித்தார். அடுத்த கணம் கண்ணை உருட்டிக்கொண்டு ஆடத் தொடங்கினார்.

"எனக்குத் தாகமா இருக்குடா. நீங்க வயிறு முட்டக் குடிச்சாத்தான் எனக்கு அடங்கும். எங்கடா கொவள?"

குவளை பறந்து வந்தது. ஊரே வரிசை கட்டியது. என் முறை வந்தபோது, ஆடிக்கொண்டே குவளையை நீட்டி, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"பையக் குடிங்க தம்பி, பொரயேறிடும்."

எனக்கு அன்றைக்குத் தாகமே இல்லை. அந்த மனுஷனுக்காக இரண்டு குவளை குடித்தேன்.