பெருமாள் பையில் மீன்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்தை மறுநாள் என்னாலேயே படிக்க முடியாது. ஆந்திர எல்லையில் இருக்கிற நகரியில் ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் படித்தேன். அதற்குப் பிறகு விசைத்தறிதான். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது இந்த வயதிலும் சந்தேகம். பிழை இருந்தால் படிக்கிறவர்கள் மனசுக்குள்ளேயே திருத்திக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு சிரமப்பட்டு எழுதக் காரணம் என் மனைவியின் தம்பி முரளி. திருப்பதியில் ஆட்டோ ஓட்டுகிறான். அவன் ஏற்றுகிற சவாரிக்கெல்லாம் என் கோலாலம்பூர்க் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். போன மாதம் அவன் சொன்னதில் குரங்குகள் நாலு. உண்மையில் ஒரே ஒரு குரங்குதான். அந்தக் குரங்குக்காகவாவது உண்மையை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

என் மகள் ரேவதி ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். அங்கே மலேசியாவிலிருந்து இயந்திரம் பொருத்த வந்த தினேஷ் என்கிற பையன், தமிழ்ப் பையன்தான், அவளைப் பிடித்திருக்கிறது என்று எங்கள் வீட்டுக்கே வந்து சொன்னான். ரேவதிக்கும் பிடித்திருந்தது. அவனுக்கு அப்பா இல்லை, அம்மா மட்டும். அந்த அம்மா போனில் சொன்ன ஒரே நிபந்தனை, பெண்ணைப் பெற்றவரை நேரில் பார்க்க வேண்டும் என்பது. நான் நாலு பேர் முன்னால் பெயரைச் சொல்லவே வெட்கப்படுகிறவன். (கல்யாண வீடுகளில் சாம்பார் கேட்கக் கூச்சப்பட்டு வெறும் சோறு தின்றிருக்கிறேன்.) அதனால் பேசுவதற்கு முரளியையும் கூட்டிக்கொண்டு, மூன்று நாள் பயணமாகக் கிளம்பினேன்.

கோலாலம்பூரில் இறங்கிய முதல் நாள் முழுக்க எனக்கு வாய் மூடவில்லை. கழுத்து வலிக்கும் வரை இரட்டைக் கோபுரத்தைப் பார்த்தேன். அந்த உயரத்தில் கண்ணாடியை யார் துடைப்பார்கள், மதியச் சாப்பாட்டுக்கு இறங்கி வருவார்களா, இல்லை மேலேயே கொடுத்துவிடுவார்களா என்றெல்லாம் தினேஷைக் கேட்க ஆசை. கேட்கவில்லை. பிறகு ஓட்டுநர் இல்லாத ரயிலில் ஏற்றினான். முன்பக்கம் நின்று பார்த்தால் இருக்கையும் இல்லை, ஆளும் இல்லை, வண்டி அது பாட்டுக்குப் போகிறது. நான் குழந்தை மாதிரி கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டேன். முரளிக்குத்தான் முகம் தொங்கிவிட்டது.

"ஓட்றவனே இல்லாம வண்டி போய்க்கினு கீது மாமா. நாளிக்கி நம்ம ஊருக்கு வந்தா என் பொயப்பு இன்னா ஆவறது?" என்றான்.

இரண்டாம் நாள் சனிக்கிழமை. அதுவும் புரட்டாசிச் சனிக்கிழமை. எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்க மீன், முட்டை, கறி எதுவும் அடுப்பு ஏறாது. எனக்கு நினைவு தெரிந்த நாளாக நான் அதில் தவறியதில்லை. இதை அவர்களிடம் சொல்ல வேண்டும் என்று விமானத்திலேயே நினைத்தேன். சொல்லக் கூச்சமாக இருந்தது. வெளியூரில் வந்து அது ஆகாது, இது ஆகாது என்றால் என்ன நினைப்பார்கள்?

அன்று மதியம் தினேஷின் அம்மா லெட்சுமியம்மாள் எங்களை ஒரு சீனர் உணவகத்துக்குக் கூட்டிப்போனார். பள்ளிக்கூடக் கேண்டீனில் ஆயுசு முழுக்கச் சமைத்துப் பரிமாறியவர். உட்கார்ந்ததும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நான் ஜாதகம்லாம் பாக்குறதில்லண்ணே. சாப்புடுறதப் பாத்தே ஆளச் சொல்லிருவேன்."

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேசும் இடத்தில் மனசுக்குப் பிடிக்கும் வரை கை நனைக்க மாட்டோம். கை நனைத்துச் சாப்பிட்டால் சம்மதம்; ஏதாவது சாக்குச் சொல்லி நழுவினால், பெண் கொடுக்க இஷ்டமில்லை. லெட்சுமியம்மாளின் பெரியவர்களும் எங்கள் பக்கத்திலிருந்து போனவர்கள்தானாம். அவருக்கும் இது தெரியும். நான் அன்று நன்றாகச் சாப்பிட்டாக வேண்டும். ரேவதியின் வாழ்க்கை என் வலது கையில் இருந்தது.

மேஜை வட்டமாக இருந்தது. நடுவில் ஒரு கண்ணாடித் தட்டு, தொட்டால் சுற்றியது. பதார்த்தங்களை அதில் வைத்துச் சுற்றிவிட்டு அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். பரிமாற ஆளே வேண்டாம். இதை நகரிக் கல்யாண மண்டபத்தில் வைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, முதல் பதார்த்தம் வந்தது.

முழு மீன். கறுத்த தோல், வால், செதில் மாதிரி கோடு, மேலே இஞ்சியும் மிளகாயும். அடுத்ததாகக் கோழித்தொடைகள் வந்தன. ஒவ்வொன்றிலும் எலும்பு நீட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் ஊரில் ரகசியம் பேசத் தெலுங்கு வைத்திருக்கிறோம். முரளி என் பக்கம் சாய்ந்து, "பாவா, அதி சேப" என்றான். மாமா, அது மீன். அதைச் சொல்ல அவன் வேண்டுமா என்ன? ஆனால் அடுத்து அவன் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, விமானச் சாப்பாடு சேரவில்லை, வெறும் மோர் போதும் என்று சொல்லிவிட்டான். இருந்த ஒரே சாக்கை அவன் எடுத்துக்கொண்டான். ஒரே மேஜையில் இரண்டு பேருக்கு வயிற்றுவலி என்றால் யார் நம்புவார்கள்?

லெட்சுமியம்மாளின் முகம் சுருங்கியது. பெண்ணின் தாய்மாமன் கை நனைக்கவில்லை. அந்த அம்மா என்னைப் பார்த்தார். மீனும் என்னைப் பார்ப்பது போலிருந்தது.

நான் மெதுவாகத் தட்டைத் தள்ளி மீனை தினேஷ் பக்கம் அனுப்பினேன். விருந்தாளி மரியாதைக்காக விட்டுக்கொடுக்கிறார் என்று நினைத்து லெட்சுமியம்மாள் அதை என் பக்கமே திருப்பினார். நான் மறுபடி அனுப்பினேன். அது மறுபடி வந்தது. மூன்றாவது சுற்றில் அவரே பெரிய துண்டாக எடுத்து என் தட்டில் வைத்து, கூடவே ஒரு கோழித்தொடையும் வைத்துவிட்டு, "சாப்புடுங்கண்ணே" என்றார்.

சாப்பிட்டால் பெருமாளுக்குப் பதில் சொல்ல வேண்டும். சாப்பிடாவிட்டால் ரேவதிக்கு.

என் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. திருமலை லட்டு கொண்டுவந்த பை. பெரிய நாமத்தோடு பெருமாள் படம் போட்டது. லட்டைக் காலையிலேயே கொடுத்துவிட்டதால் காலி. மேஜையில் காகிதத் துவாலைகள் இருந்தன. கை வாய் வரை போகும், வாயைத் துடைக்கும், பிறகு கீழே இறங்கிப் பைக்குள் போகும். தறியில் அறுந்த இழையைக் கண் பார்க்கும் முன் விரல் முடிச்சுப் போட்டுவிடும் வேகம் எனக்கு உண்டு. அந்த வேகம் இப்படியா பயன்பட வேண்டும்? நடுநடுவே கீரையும் சோறும் சாப்பிட்டு, "ரொம்ப நல்லாகீதும்மா" என்று நாலு முறை சொன்னேன்.

அதுதான் தப்பாகப் போய்விட்டது. அந்த அம்மா பூரித்துப்போய் இன்னொரு மீன் கொண்டுவரச் சொன்னார்.

சாப்பாடு முடிந்ததும், பையைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடலாம் என்று கழிவறைப் பக்கம் போனேன். தொட்டியின் மூடியைத் திறந்தேன். பையிலிருந்து பெருமாள் பார்த்தார். அவரை எப்படிக் குப்பையில் போடுவது? மூடிவிட்டுத் திரும்பி வந்தேன். வெளியே தினேஷ் சந்தோஷமாகச் சொன்னான்: "மாமா, அடுத்து பத்துமலைக்குப் போறோம். முருகனப் பாத்துட்டு வந்துருவோம்."

பெருமாள் பையில் மீனோடு முருகன் கோயிலுக்கு. ஒரே நாளில் இரண்டு சாமி.

பத்துமலை முருகன் சிலையை அண்ணாந்து பார்த்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் பையே மறந்துபோனது. அவ்வளவு உயரத் தங்க நிறம். பின்னால் குகைக்குப் போகிற வண்ண வண்ணப் படிகள், இருநூற்றெழுபத்திரண்டு. பாதிப் படியில் முழங்கால் வலி என்று உட்கார்ந்துவிட வேண்டும், மீன் குகைக்குள் போகக் கூடாது. இதுதான் என் திட்டம். லெட்சுமியம்மாள் ஏறும்போதே எச்சரித்தார். "பைய இறுக்கிப் புடிச்சிக்குங்கண்ணே. இங்க குரங்கு பறிச்சிரும்."

இறுக்கினேன். நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அப்படி அணைத்ததைப் பார்த்து, அதில் பெண் வீட்டு நகை ஏதோ இருக்கிறது என்று அந்த அம்மா நினைத்தாராம். பிறகு சொன்னார்.

பாதிப் படியில், கைப்பிடிச் சுவர்மேல் உட்கார்ந்திருந்த ஒரு குரங்கு என்னை ஏற இறங்கப் பார்த்தது. மூக்கைத் தூக்கி மோந்தது. நான் மறுபக்கம் திரும்பினேன். அதுவும் மறுபக்கம் வந்தது. பிறகு அவசரமே இல்லாமல் பையின் ஒரு காதைப் பிடித்தது. நான் மற்றொரு காதைப் பிடித்தேன். இருவரும் இழுத்தோம். நல்ல நெசவு, சீக்கிரம் கிழியவில்லை. (அந்த நேரத்திலும் அதைக் கவனித்தேன்.) கடைசியில் தையல்தான் விட்டது.

முதலில் காகிதத் துவாலைகள் பறந்தன. பிறகு மீன் துண்டுகள் ஒவ்வொரு படியாகக் குதித்துக் கீழே போயின. கோழித்தொடை ஒன்று உருண்டு, நேராக லெட்சுமியம்மாளின் காலருகே நின்றது.

அந்த அம்மா அதைப் பார்த்தார். என் கையிலிருந்த ஒற்றைப் பைக்காதைப் பார்த்தார். முரளி வானத்தைப் பார்த்தான்.

"புடிக்கலன்னா சொல்லிருக்கலாமேண்ணே" என்றார் மெதுவாக. "நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்." சொல்லிவிட்டு இறங்கத் திரும்பினார்.

அவர் இறங்குகிற ஒவ்வொரு படியும் என் மகளை விட்டு விலகுவதாகத் தெரிந்தது. பேசுவதற்காகக் கூட்டிவந்த முரளி இன்னும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் வாழ்க்கையில் முதல் முறையாக நான் பொது இடத்தில் குரலை உயர்த்தினேன்.

"பொரட்டாசிம்மா! பொண்ணு குடுக்க இஷ்டந்தான், கை நனைக்க ஆசதான். பொரட்டாசி மாசத்துல மீனு எப்டிம்மா துன்றது? சொல்ல வெக்கமாகீதும்மா."

படியில் ஏறிக்கொண்டிருந்த வெளிநாட்டுக்காரர்கள்கூட நின்றுவிட்டார்கள். லெட்சுமியம்மாள் திரும்பினார்.

"எது மீனு?"

நான் கீழே கிடந்ததைக் காட்டினேன்.

அவர் தினேஷைப் பார்த்தார். "அது சைவக் கடைன்னு நீ சொல்லலியா?"

"நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேம்மா."

விஷயம் இதுதான். என் விரதத்தை ரேவதி முன்பே போனில் சொல்லியிருக்கிறாள். அதற்காகவே அவர்கள் தேடிப்பிடித்த சைவ உணவகம் அது. மீன் என்பது சோயா, மேல்தோல் கடல்பாசி. கோழித்தொடையும் சோயா, எலும்பு கரும்புக்குச்சி. கடை வாசலில் எழுதியிருந்ததாம், சீனத்திலும் ஆங்கிலத்திலும். நான் ஐந்தாம் வகுப்பு. "நானும் பொரட்டாசி விரதந்தாண்ணே" என்றார் அந்த அம்மா. சொல்லி முடிக்கும் முன் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே படியில் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். நாலு படி மேலே அந்தக் குரங்கு கரும்பெலும்பை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. அதற்கு மட்டும் முதலிலேயே தெரிந்திருக்கிறது.

மறுநாள் அதே கடை, அதே மேஜை. நானே தட்டைச் சுற்றி மீனை என் முன்னால் நிறுத்தினேன். முரளிக்கும் வயிறு சரியாகிவிட்டது. தோலை உரித்துப் பார்த்தேன், உள்ளே அடுக்கடுக்காக இருந்தது. எப்படித்தான் செய்கிறார்கள் என்று கடைக்காரரைக் கேட்டே விட்டேன். தினேஷ் அதை அவருக்குச் சொல்ல, அவர் என்னைச் சமையலறை வரை கூட்டிப்போய்க் காட்டினார். ருசி மீன் மாதிரி இருந்ததா என்று என் மனைவி இன்றும் கேட்கிறாள். மீன் மாதிரி இல்லை. ஆனால் சம்பந்தி முன்னால் இரண்டு கையும் மேஜைமேல் வைத்துச் சாப்பிட்ட சாப்பாடு, அதனால் ருசியாகத்தான் இருந்தது.

கல்யாணம் நகரியில் நடந்தது. பந்தியில் நான் உட்கார்ந்ததும் லெட்சுமியம்மாள் வந்து, என் இலைக்குப் பக்கத்தில் ஒரு புதுத் துணிப்பையை மடித்து வைத்து, "தேவைப்படும் சம்பந்தி" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது சாப்பாட்டை மீதி வைத்தால், "நைனாகிட்ட பை வாங்கிக்கோ" என்பது வழக்கமாகிவிட்டது. கிழிந்த பையை நான் தைத்துப் பூஜை அலமாரியில் வைத்திருக்கிறேன்.

நாளை லெட்சுமியம்மாள் மகனோடும் மருமகளோடும் வருகிறார். என் மனைவி வாழைக்காயை மீன் துண்டு மாதிரி நறுக்கி, மீன் மசாலாவே தடவி வறுக்கப்போகிறாள். அது வாழைக்காய் என்று யாரும் சொல்லக் கூடாது என்பது என் உத்தரவு. சம்பந்தியின் கைப்பை எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும்.

புரட்டாசி 11, வெள்ளிக்கிழமை, நகரி.