தோழனைத் தூக்கி வந்த கல்யாணம்

காரின் உடம்பை இறக்கித் தரையோடு பதித்துவிட்டால் ஆள் உயர்ந்துவிடுவான் என்று இருபத்துமூன்று வயதில் நான் மனதார நம்பினேன். (சிரிக்காதீர்கள். நிறையப் பேர் நம்பினோம்.)

அது ஊரில் போர் முடிந்த வருடம். நாங்கள் கனடாவில் இருந்தோம். மே மாதம் நடக்கவிருந்த அக்காவின் கல்யாணம் நின்றுபோயிருந்தது. அத்தானாக வரவேண்டியவரின் அம்மா வன்னிக்குள் அகப்பட்டிருந்தார். உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியவில்லை. அந்த மாதங்களில் அத்தான் ஒருமுறைகூடச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு ஒருநாள் முகாமிலிருந்து, யாருடைய போனிலோ, அவர் அம்மா பேசினார். தனக்காகக் காத்திருக்காமல் தாலியைக் கட்டச் சொன்னாராம். செப்ரெம்பரில் றிச்மண்ட் ஹில் கோயிலில் சுருக்கமாகச் செய்வது என்று முடிவாயிற்று. பெண்ணின் தம்பி என்பதால் நான்தான் மாப்பிள்ளைத் தோழன். மாப்பிள்ளையை அஜக்ஸில் அவர் வீட்டிலிருந்து கோயிலுக்கு அழைத்து வருவது என் பொறுப்பு.

என்னிடம் ஒரு கறுப்பு மசில் கார் இருந்தது. எட்டு சிலிண்டர், இரண்டே கதவு. கல்யாணத்துக்காக அதைப் பதிக்க எண்ணி, இருப்பதிலேயே கட்டையான ஸ்பிரிங்குகளை வாங்கிக்கொண்டு வெக்ஸ்போர்ட்டில் கராஜ் வைத்திருந்த சிநேகிதன் நௌசாத்திடம் போனேன்.

"ஒரு இஞ்ச் இறக்கினாக் காணும் மச்சான்," என்றான். "உந்த ஸ்பிரிங்கைப் போட்டா நீ தனியத்தான் ஓடலாம். ஆக்களை ஏத்தேலாது."

அவனுக்கு ரசனை இல்லை என்று விளக்கினேன்.

லிஃப்ற்றிலிருந்து கார் மெல்ல இறங்கியது. சில்லுகள் தரையைத் தொட்ட பிறகும் உடம்பு இறங்கிக்கொண்டே இருந்தது. கரையில் கிடக்கும் முதலைபோல அது படுத்தபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது. நௌசாத்கூடப் போனை எடுத்து ஒரு படம் பிடித்தான்.

கல்யாணத்தன்று முன்சீற்றில் அத்தான், தலைப்பாகை கூரையில் இடித்ததால் அதை மடியில் வைத்தபடி. பின்சீற்றில் அவருடைய பெரியப்பாவும் பெரியம்மாவும். நெடுஞ்சாலையில் கார் பறந்தது. கோயில் வாசல் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் ஒரு வேகத்தடை. முன்சில்லுகள் ஏறி இறங்கின. காரின் வயிறு இறங்கவில்லை. அடியில் நீளமாக ஒரு கிறீச். நான் காஸ் பெடலை அமத்தினேன். பின்சில்லு நின்ற இடத்திலேயே சுழன்று புகை கக்கியது. வாசலில் நாதஸ்வரம் நின்றுபோனது.

பட்டுச்சேலையோடு பெரியம்மாவைப் பின்சீற்றிலிருந்து வெளியே எடுக்கவே பத்து நிமிடமாயிற்று. ஆட்கள் இறங்கியும் கார் அசையவில்லை. முகூர்த்தத்துக்கு அரைமணி இருந்தது. அப்பா வந்து காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார். (ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.) விருந்துக்கு வந்திருந்த நௌசாத் குனிந்து பார்த்தான்.

"கார் தூக்கிற ஜக் அடியில உள்ளுக்குப் போகாது. கையாலதான் தூக்கவேணும். நீ இறங்காத, ஸ்ரியறிங்கைப் பிடி."

மாமாக்கள் வந்தார்கள். தவில்காரர் தவிலை இறக்கிவைத்துவிட்டு வந்தார். அத்தான் பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். மாப்பிள்ளை தொடக்கூடாது என்று பெரியப்பா தடுத்தார், அவர் கேட்கவில்லை.

கண்ணாடி வழியே அந்த முகங்களைப் பார்த்தேன். போரை நிறுத்தச் சொல்லி மே மாதம் முழுக்கப் பதாகை பிடித்துத் தெருவில் நின்றவர்கள். எதையும் அசைக்க முடியாமல் வீடு திரும்பியவர்கள். அவர்கள் ஒரே மூச்சில் குனிந்தார்கள். அந்த இரும்பு மலை, என்னையும் சேர்த்து, மேலெழும்பியது.

கார் அப்பால் விழுந்ததும் ஒரு சத்தம் கேட்டது. அத்தான் புல்லில் குந்தியிருந்து சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணீர் வழிய, நிறுத்த முடியாமல். அவர் சிரிப்பு எப்படியிருக்கும் என்று அன்றுதான் அறிந்தேன்.

தாலி நேரத்துக்கு ஏறியது. ஆனால் வீடியோவில் மாப்பிள்ளை வியர்க்க வியர்க்கச் சுமக்கிறார். தோழன் உள்ளே சாமி மாதிரி இருக்கிறான்.

இரண்டு வருடம் கழித்து அத்தானின் அம்மா கனடா வந்தார். அதற்குள் அந்த வீடியோவைப் பலமுறை பார்த்திருந்தார். விமான நிலையத்தில் மகனைக் கட்டிப்பிடித்து அழுது முடித்துவிட்டு என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"தம்பி, நீர்தானே எல்லாரும் காரோட தூக்கிக்கொண்டு வந்த தோழன்?"

ஓம் என்றேன்.

"என்னைக் கூட்டிக்கொண்டு போக எத்தினை பேர் வந்திருக்கினம்?"

இன்றுவரை, நான் யாரையாவது காரில் ஏற்ற வருவதாகச் சொன்னால், அத்தான் வீட்டில் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்.