மைக் அண்ணாச்சிக்குப் போட்ட ஃப்ளூ ஊசி

“ஏட்டி, உனக்க வீட்டுல நோட்டீஸ் வாசிக்கக்கூட ஆளு கெடையாது. நீ குத்தியா நான் பொழைக்கப்போறேன்?”

என்னிடம் இப்படிக் கேட்டவர் மைக் அண்ணாச்சி. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி இழவுச் செய்தி சொல்லிக்கொண்டு போவது அவர் தொழில். கருங்கல் வட்டாரத்தில் அவர் அறிவிக்காமல் எவரும் முழுதாகச் செத்ததில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். நர்சிங் முடித்து, கருங்கல்லில் ஒரு டாக்டரிடம் வேலை பார்க்கிறேன். அண்ணாச்சி பேச்சுக்கெல்லாம் சளைக்கிறவள் இல்லை.

அது கொரோனா வந்த வருஷம். மழை தொடங்கினால் அண்ணாச்சிக்கு ஃப்ளூ வரும். நெஞ்சு அடைத்து ஆஸ்பத்திரியில் படுப்பார். அந்த வருஷம் ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்காது. அதனால்தான் டாக்டரும் நானும் ஃப்ளூ ஊசி போடச் சொல்லி அவரை நச்சரித்தோம். அவர் மசியவில்லை.

அவரை மசிய வைத்தது ஒரு இருமல். “மரணச் செய்தி” என்று தொடங்கியவர், ஒலிபெருக்கியில் நீளமாக இருமிவிட்டார். தெருவே கதவைச் சாத்தியது. இழவு வீட்டுக்காரர்களே ஆட்டோவை நிறுத்த விடவில்லை. மறுநாள் சட்டைக் கையைச் சுருட்டியபடி கிளினிக்குக்கு வந்தார். ஊசியைப் போட்டுவிட்டுச் சொன்னேன்:

“இது ஃப்ளூவுக்கு உள்ள ஊசி அண்ணாச்சி. கொரோனாவத் தடுக்காது. மாஸ்க்கக் கழத்தப்பிடாது.”

“செரி, செரி.”

சாயங்காலம் ஒலிபெருக்கி முழங்கியது: “கொரோனாவுக்கு நம்ம டாக்டர்கிட்ட ஊசி வந்தாச்சு. நான் போட்டாச்சு.” கொஞ்ச நேரத்தில் கிளினிக் வாசலில் திருவிழாக் கூட்டம். பாதிப்பேர் முகத்தில் மாஸ்க் இல்லை. டாக்டர் பார்த்த பார்வையில் என் வேலையே ஆடியது. ஓடிப்போய் ஆட்டோவை மறித்தேன்.

“திருத்திச் சொல்லுங்க அண்ணாச்சி.”

“எனக்க சர்வீஸுல ஒண்ணையும் திருத்திச் சொன்னதில்ல மக்கா. செத்தவன் செத்தவன்தான்.”

“இப்பம் திருத்தலன்னா, நாளைக்கு நெறைய பேரச் சொல்ல வேண்டி வரும்.”

மைக்கைத் தட்டிப் பார்த்தார். பிறகு இழவு சொல்லும் அதே குரலில் சொன்னார்: “முன்ன சொன்னது தப்பு. இது ஃப்ளூ ஊசி. ரெண்டும் வேற வேற சீக்கு. ஒண்ணையாவது தடுத்துக்கிடுங்க.” கூட்டம் கலைந்தது. ஒருவர்கூட மிஞ்சவில்லை.

அந்த மழைக்கு அண்ணாச்சி படுக்கவில்லை. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அடுத்த அலையில் அவருக்குக் கொரோனாவே வந்தது. அதற்கான ஊசி எங்கும் தட்டுப்பாடாக இருந்த நேரம். இரண்டு தடவை வரிசையில் நின்று, வெறுங்கையோடு திரும்பியிருந்தார். ஃப்ளூ ஊசி இதைத் தடுக்காது என்று சொன்னவளே நான்தான். அப்படியும் என் மனம் கேட்கவில்லை. அவர் இறந்துபோனதை எந்த ஆட்டோவும் சொல்லிக்கொண்டு போகவில்லை.

இந்த வருஷம் மழைக்கு முன்பே அவர் வீட்டுக்குப் போய், அவர் மனைவிக்கு ஃப்ளூ ஊசி போட்டுவிட்டு வந்தேன். அந்த வீட்டில் இன்னொருவர் மூச்சு வாங்குவதைப் பார்க்க என்னால் ஆகாது.