இரண்டு அரைப்பாலங்களும் ஒரு பலகையும்

காலையில் கெட்டிலைப் போடுவேன். தேநீர் குடிப்பேன். ஒரு துண்டு ரொட்டியை வாட்டித் தின்பேன். முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடையில் இறங்கி, அக்கரைத் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்துக்குப் போவேன். அங்கே என் மனைவி ஹெட்டி இருக்கிறாள். சற்று நிற்பேன். திரும்பி வந்து வாசலில் பூட்ஸைக் கவிழ்ப்பேன். தண்ணீர் கொட்டும். பிறகு பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் புவியியல் நடத்துவேன். போன வசந்தத்திலும் கோடையிலும் இதுதான் வழக்கம்.

மனிதகுலத்தின் தலைசிறந்த கண்டுபிடிப்பு சக்கரம் என்கிறது எங்கள் பாடநூல். அதை எழுதியவர் எங்கள் ஊருக்கு வந்ததில்லை. தலைசிறந்த கண்டுபிடிப்பு எல்லைக்கோடு. சக்கரம் பாட்டுக்கு உருளும். எங்கே நிற்க வேண்டும் என்று அதற்கு யார் சொல்வது?

எங்கள் எல்லைக்கோட்டின் பெயர் ஸ்லேப் ஓடை. இக்கரை கிழக்கு டர்லி மாவட்டம். அக்கரை மேற்கு டர்லி மாவட்டம். ஊர் ஒன்றுதான். வீடுகள், கடை, பள்ளி, மதுக்கூடம் எல்லாம் இக்கரையில். தேவாலயமும் கல்லறையும் அக்கரையில். உயிரோடிருப்பவர்கள் கிழக்கு, போனவர்கள் மேற்கு. சூரியனும் இந்த ஏற்பாட்டைத்தான் பின்பற்றுகிறது.

பிப்ரவரி வெள்ளம் நடைபாலத்தை அடித்துக்கொண்டு போனது. ஹெட்டி அப்போது மருத்துவமனையில் இருந்தாள். மார்ச்சில் அவளை அடக்கம் செய்தோம். சவ ஊர்தி நகரத்தைச் சுற்றிக்கொண்டு வந்தது. நான் தினமும் அப்படிச் சுற்ற முடியாது. எங்கள் வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவள் அவள்தான். பேருந்து செவ்வாய்க்கிழமை மட்டும் வரும். மனம் இருந்தால்.

இரு மாவட்ட மன்றங்களும் கைகட்டி நின்றதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. கூடின. முதல் கூட்டம், கூட்டத்தை எந்தக் கரையில் நடத்துவது என்பதைப் பற்றியது. அதில் கருத்து வேற்றுமையே இல்லை. இரு தரப்பும் ‘நம் கரையில்’ என்றே சொன்னார்கள். கடைசியில் ஒரு மகத்தான முடிவு பிறந்தது. ஓடையின் நடுவரை அவரவர் பாலத்தை அவரவர் கட்டிக்கொள்வது.

கிழக்கு, ‘பாரம்பரியத்தைக்’ காக்க ஓக் மரத்தில் கட்டியது. மேற்கு, ‘எதிர்காலத்தை’ நோக்கி எஃகில் கட்டியது. ஓடையின் நடு எது என்பதைக் கிழக்கு பழைய வரைபடத்தில் பார்த்தது. மேற்கு புதிய வரைபடத்தில் பார்த்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஓடை கொஞ்சம் நகர்ந்திருந்தது. நகரும்முன் அது எந்த மன்றத்துக்கும் தெரிவிக்கவில்லை.

ஆகவே இரு பாலங்களும் நடுவில் சந்திக்கவில்லை. இடைவெளியில் ஒரு கன்றுக்குட்டி தாராளமாக விழலாம். அப்படி விழக் கூடாது என்பதற்காக இரு முனையிலும் தடுப்பு வைத்தார்கள். தடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து ‘இயற்கையை ரசிக்க’ ஆளுக்கொரு பெஞ்சும் போட்டார்கள். ஒரே நாளில் இரண்டு ரிப்பன்கள் வெட்டப்பட்டன.

கிழக்கின் அதிகாரி நைஜல் ஃபாஸெட். கேக் தின்றுகொண்டிருந்தவரிடம் போனேன்.

“நடுவுல பாலம் இல்லையே, சார்?”

“நடு எங்களோடது இல்ல, மிஸ்டர் பெல்லமி. எங்க பாலம் முழுசா முடிஞ்சிருச்சு. வேணும்னா ஆடிப் பாருங்க, அசையாது.”

“அக்கரைக்கு எப்படிப் போறது?”

“அது வேற மாவட்டம்ங்க! நம்ம ஜனங்களை அங்க அனுப்பி வைக்கவா நாங்க இருக்கோம்?”

தேசபக்தி என்றால் இது. நான் பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

செப்டம்பரில் மழை பிடித்தது. தண்ணீர் தொடைவரை ஏறியது. இன்னும் ஏறினால் வசந்தம் வரும்வரை நான் ஹெட்டியிடம் போக முடியாது. பண்ணைக்காரர் வில்ஃபின் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

“நீளமா ஒரு பலகை இருக்குமா?”

“கூரை வேலைக்குச் சாரம் கட்டின பலகை கிடக்கு. எதுக்குப்பா?”

“பாலத்துக்கு.”

வில்ஃப் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அடப் பாவி, காலேஜெல்லாம் படிச்சுட்டு இத்தனை மாசமா மீன் மாதிரி போய்ட்டு வந்திருக்கியே! இது உனக்கு முன்னாடியே தோணலையா?”

“இது எனக்குத் தோணினது இல்ல.”

“பின்ன யாருக்குத் தோணுச்சு?”

“அந்த முனையைப் பிடிங்க.”

தடுப்புகளை வில்ஃப் ஒரு ஸ்பேனரால் ‘ஒத்திவைத்தார்’. பலகையின் ஒரு முனை ஓக்கில் உட்கார்ந்தது, மறுமுனை எஃகில். மறுநாள் காலை வாசலில் பழக்கதோஷத்தில் பூட்ஸைக் கவிழ்த்தேன். ஒன்றும் கொட்டவில்லை.

அந்த ஞாயிறு ஊரே சட்டவிரோதமாகத் தேவாலயத்துக்குப் போனது. அதற்கு முன் போகாதவர்களும் போனார்கள். குற்றம் பக்தியை வளர்க்கிறது.

இரண்டு வாரத்தில் ‘அனுமதியற்ற கட்டுமானத்தை’ அகற்ற ஃபாஸெட் கிழக்கு முனைக்கு வந்தார். மேற்கு முனைக்கு அந்த மாவட்டத்தின் அதிகாரி கோரல் திம்பிள்பி அம்மையார் வந்தார். கீழே ஓடை இடுப்பளவுக்குப் பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. நான் கிழக்குப் பெஞ்சில் உட்கார்ந்து இயற்கையை ரசித்தேன்.

“மேடம், உங்க முனையைத் தூக்குங்க!” என்று கத்தினார் ஃபாஸெட்.

“நான் தூக்கினா பலகை சரிஞ்சு உங்க பாலத்துல இடிக்கும். அப்புறம் சேதத்துக்கு நான் பதில் சொல்லணும். நீங்க தூக்குங்க!”

“நான் தூக்கினா உங்க தண்ணில விழும். ஓடையில குப்பை போட்டேன்னு எம்மேலயே கேஸ் போடுவீங்க!”

“கண்டிப்பா போடுவோம்!”

“ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தூக்கினா?”

“அதுக்குக் கூட்டு நடவடிக்கைக் குழு வேணுமே, மிஸ்டர் ஃபாஸெட்! இருங்க, காத்துல ஒண்ணும் கேக்கலை. அங்கயே வரேன்.”

அம்மையார் கைப்பையை மார்போடு அணைத்தபடி பலகைமேல் நடந்து வந்தார். ஃபாஸெட் கை நீட்டினார்.

“பாத்து வாங்க. நடுவுல லேசா ஆடும்.”

“தெரியும். போன ஞாயிறும் ஆடுச்சு.”

இருவரும் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

முடிவு எட்டப்பட்டது. அகற்ற முடியாத ஒன்றைத் திறந்துவைப்பதே நல்லாட்சி. பலகை ‘கூட்டு முயற்சியின் சின்னம்’ ஆனது. வில்ஃப் மூன்றாவது ரிப்பனுக்குத் தன் வைக்கோல் கட்டும் கயிற்றைத் தருவதாகச் சொன்னார்.

“ஒரு வெண்கலத் தகடு வைப்போம், மிஸ்டர் பெல்லமி. நீங்க தினமும் பாக்கப் போற உங்க மனைவி பேர்ல,” என்றார் அம்மையார், குரலைத் தாழ்த்தி. “அவங்க கடைசியா சொன்னது ஏதாவது இருந்தா அதையே பொறிச்சிடலாம். அக்கரைக்குப் போறவங்க மனசைத் தொடும்.”

“அப்படியே போடுவீங்களா?”

“ஒரு எழுத்து மாத்த மாட்டோம். அது எங்க விதி.”

“எங்க விதியும் அதான்,” என்று ஃபாஸெட் அவசரமாகப் பேனாவை எடுத்தார்.

சொன்னேன். எழுதும்போது இருவரும் தலை நிமிரவில்லை. விதி விதிதான், தகடு பலகையின் நடுவில் இப்போது பளபளக்கிறது.

ஹெட்டி கடைசியாகப் பேசியது பிப்ரவரியில், பாலம் போன மறுநாள். மருத்துவமனையில் அவள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். வெள்ளத்தைப் பற்றிச் சொன்னேன். பாலத்துக்காக இரு மன்றங்களும் கூடிப் பேசப்போகின்றன என்றும் சொன்னேன். ஹெட்டி கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

“ஒரு பலகை போதும், லூக். அதைப் போடறதுக்குள்ள என்னைப் புதைச்சே முடிச்சிருப்பாங்க, பாரு.”