கேஸ் அடுப்புக்கு ஓவராயிலிங்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எதையும் கழற்றக் கூடாது. செஞ்சியில் சைக்கிள் கடை வைத்துப் பிழைத்த நானே இதைச் சொல்கிறேன் (கழற்றித்தான் சம்பாதித்தேன், அது வேறு விஷயம்).

எண்பதுகளில் எனக்குப் பெண் பார்த்தார்கள். அனந்தபுரத்துப் பெண், பெயர் வசந்தா. பார்த்த மாத்திரத்தில் நான் காலி. அவளுக்குக் கொஞ்சம் இளைப்பு உண்டு. விறகுப் புகை பட்டால் மூச்சு வாங்கும். அதனால் அவளுடைய அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"உங்க ஊட்ல கேஸ் இருக்குதா? எம்பொண்ணு புகையில நிக்கக் கூடாது."

இருந்தது. நைனா பதிந்துவைத்து, வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கியது. எங்கள் தெருவுக்கே அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். வீடு என்பது பேச்சுக்கு. அவர்கள் பார்க்க வந்தது அடுப்பை.

அடுப்பில் ஒரு சின்னக் குறை. பால் பொங்கிப் பொங்கி ஒரு பர்னரில் சில ஓட்டைகள் அடைத்திருந்தன.

"ஊசியால குத்தினா போயிடும்டா. நீ போய் கடையப் பாரு" என்றாள் அம்மா.

"ஊசியா? வர்றவங்க இன்னா நெனப்பாங்க? ஃபுல்லா ஓவராயிலிங் பண்ணிடறேன்."

அடுப்பைக் கடைக்குத் தூக்கிப் போனேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். கழற்று, மண்ணெண்ணெயில் ஊறவை, துடை, ஆயில் விடு. பர்னரின் ஒவ்வொரு ஓட்டையிலும் ஆயில் கேனின் மூக்கை வைத்து மனசாரப் பீச்சினேன். திருகுக்குக் கிரீஸ். அடுப்பு பளபளவென்று ஆகிவிட்டது. "புதுசு மாதிரி இருக்குதுடா" என்றார் நைனா. அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை, கடைசித் தடவையும். பற்றவைத்து மட்டும் பார்க்கவில்லை. பளபளப்பு கறுத்துவிட்டால்?

வசந்தாவின் அப்பாவும் அத்தையும் வந்தார்கள். நாற்காலியைக்கூடப் பார்க்காமல் அப்பா நேரே சமையலறைக்குள் போனார்.

"ஒரு காப்பி போடுங்கம்மா, பாக்கலாம்."

"நான் பத்த வைக்கிறேன்" என்று முந்திக்கொண்டேன் (விதி).

புஸ்ஸென்று சத்தம். மஞ்சளாக ஒரு ஜுவாலை. அப்புறம் கன்னங்கரேலென்று புகை. என் கடை நாற்றம் முழுவதும் அந்தச் சமையலறையில் இருந்தது. பிறந்ததிலிருந்து இளைப்பே வராத வசந்தாவின் அப்பாவுக்கு அன்று இளைத்தது. அம்மா பாய்ந்து சிலிண்டரை மூட, எல்லோரும் தெருவுக்கு ஓடினோம். வாசலில் நின்றால் தினமும் தெரியும் ராஜகிரிக் கோட்டை அன்று தெரியவில்லை (புகையா, என் கண்ணீரா, இன்றுவரை தெரியாது). வசந்தா கைநழுவிப் போய்விட்டாள் என்று நினைத்ததும் அவளுடைய அப்பாவிடம் உண்மையைக் கொட்டினேன்.

"மாமா, அடுப்பு மேல தப்பு இல்ல. நான்தான் மண்ணெண்ணெயில கழுவி ஆயில் வுட்டேன்."

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"ஆயிலா? எதுக்குப்பா?"

"ஸ்மூத்தா எரியட்டும்னு."

அத்தைக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பில் விக்கல் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டுத் தன் தம்பியான வசந்தாவின் அப்பாவிடம் சொன்னார்: "அடுப்பு நல்ல அடுப்புதான்டா. பையனும் பொய் சொல்லல. பொண்ண குடு. ஆனா ஒரே கண்டிஷன், இவன் அடுப்பாண்டயே போகக் கூடாது."

அம்மா யோசிக்கவே இல்லை. வாசலிலேயே கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தாள். நெருப்பைப் பார்த்ததும் வந்தவர்கள் இரண்டு பேரும் பின்வாங்கினார்கள்.

அப்புறம் அம்மா பர்னர்களைச் சோடா உப்பில் கொதிக்கவைத்து, காயவைத்து, ஓட்டைகளை ஊசியால் குத்தினாள். அந்த அடுப்பு என் மகன் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை உழைத்தது. கல்யாணத்தில் அக்கினி சாட்சியாக என்னென்னவோ வாக்குக் கொடுத்தேன். ஒழுங்காகக் காப்பாற்றி வருவது அம்மா கொடுத்த இந்தக் கற்பூர வாக்கை மட்டும்தான்.

மருமகள் வந்த புதிதில் ஒருநாள் கேட்டாள்: "ஏன் மாமா, உங்க காப்பிய நீங்களே போட்டுக்கக் கூடாதா?" நியாயமான கேள்வி. நான் ரோஷத்தோடு எழுந்தேன். தோட்டத்திலிருந்து வசந்தா அலறிக்கொண்டு ஓடிவந்தாள். "ஐயோ, அவர உள்ள வுடாதம்மா!"

கதை முழுவதையும் கேட்டுவிட்டு மருமகள் உள்ளே போய் எனக்குக் காப்பி கொண்டுவந்தாள். தட்டில், டம்ளருக்குப் பக்கத்தில், ஒரு ஊசி இருந்தது.