விஞ்ச் டிக்கெட்டுக்குக் கொசுறு கேட்ட அக்கா

எமனே நேரில் வந்து கூப்பிட்டாலும், “வாரேன் அப்பு, கொசுறா ஒரு நாலு நாளு சேத்துக் குடு” என்று கேட்கக்கூடியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. நான் கல்யாணமாகித் திண்டுக்கல்லுக்கு வந்தபோதே அவர் கொசுறு அக்காதான்.

காய் வாங்கினால் கறிவேப்பிலை கொசுறு கேட்பது எல்லாரும் செய்வதுதான். அக்கா அதோடு நிற்க மாட்டார். வளையல்கார பாய் தெருவுக்குள் வந்தால், இரண்டு கை நிறையப் போட்டுக்கொண்ட பிறகும் கையை நீட்டியபடியே உட்கார்ந்திருப்பார்.

“ரெண்டு கைக்கும் போட்டாச்சேம்மா. மூணாவது கைய எங்க வச்சிருக்கீங்க?”

“இருக்குறதுல ஒண்ணு ஒடஞ்சா ஒங்களத் தேடிக்கிட்டா அலைவேன்? போடுங்க பாய்.”

ஒரு தடவை எனக்குக் காய்ச்சல். துணைக்கு வந்த அக்கா, கம்பவுண்டரிடம் எனக்கு மாத்திரை வாங்கியதும், தனக்கு இரண்டு கொசுறு கேட்டார்.

“ஒங்களுக்கு என்னக்கா செய்யுது?” என்றார் கம்பவுண்டர்.

“இப்ப ஒண்ணும் செய்யல. செய்யும்போது போட்டுக்கிறேன்.”

எதிர்வீட்டில் இரட்டைப் பிள்ளை பிறந்த அன்று தெருவே கேட்கும்படி சொன்னார்: “பாத்தீங்களா, கேக்காமலே குடுத்திருக்கான். ஆண்டவன்தான்டி நல்ல ஏவாரி!”

எனக்கோ வெட்கம் பிடுங்கித் தின்னும். கூடப் போனாலும் நாலடி தள்ளி நின்று, யாரோ எவரோ என்பதுபோல் சுவரைப் பார்ப்பேன். அதற்கும் திட்டுவார்.

“நான் என்ன ஓசியிலயா கேக்குறேன்? காசு குடுத்து வாங்குனவ கேட்டா கொசுறு. குடுக்காம கேட்டா பிச்சை. இது தெரியாம மூஞ்சியத் திருப்புற!”

அக்காவின் வீட்டுக்காரரை நாங்கள் மாமா என்போம். அக்கா பேசுகிற பேச்சுக்கு ஈடுகட்டத்தான் ஆண்டவன் அவரைப் பேசாமல் படைத்தான் போலிருக்கும். கல்யாணமான புதிதில் தோல் பதனிடும் ஷாப்பில் பாரவண்டி சாய்ந்து அவருடைய ஒரு கால் நசுங்கிவிட்டது. அதற்கு முன்னால்தான் இருவரும் ஜோடியாகப் பழனி மலை ஏறுவதாக வேண்டிக்கொண்டிருந்தார்கள். வருஷா வருஷம் அடிவாரம் வரை போவார்கள். “நீ போயிட்டு வா, நான் இங்கன இருக்கேன்” என்பார் மாமா. அக்கா ஏற மாட்டார். கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டு இருவரும் பஸ் ஏறிவிடுவார்கள். டோலியில் போகலாமே என்று யாராவது சொன்னால் மாமா வாய் திறப்பார். “நாலு பேரு தூக்கிட்டுப் போறதுக்கு இன்னும் நாளு இருக்கு.”

அப்படி இருக்கும்போதுதான் பழனியில் விஞ்ச் வந்தது. தண்டவாளத்தில் ஒரு பெட்டியாம், இரும்புக் கயிற்றில் கட்டி மலைமேல் இழுக்கிறார்களாம் என்று தெருவெல்லாம் அதே பேச்சு. கேட்ட மறுவாரமே அக்கா மாமாவையும் துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அங்கே போனால் வரிசை பாம்பாய் நெளிந்தது. நான் என் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு வழக்கம்போல் நாலடி தள்ளி நின்றேன். அக்கா ஜன்னலுக்குள் தலையை விட்டார்.

“என்ன வெலை சொல்றீக?”

“வெலை சொல்றதுங்களா? இது டிக்கெட்டுங்கம்மா. எல்லாத்துக்கும் ஒரே ரேட்டுங்க” என்றார் உள்ளே இருந்தவர். அந்தப் பக்கத்துப் பேச்சு, மரியாதையாகத்தான் இருந்தது.

“ஏறயிலதான் அப்பு இழுக்கணும். எறங்கையில அதுபாட்டுக்கு உருண்டு வருது. அதுக்கும் காசா? பாத்துக் கொறைங்க.”

“கொறைக்கறதுக்கு நமக்கு அதிகாரம் இல்லீங்க.”

“சரி, கொறைக்க வேணாம். எங்க வீட்டுக்காரருக்கு முழு டிக்கெட்டு வாங்கிக்கிறேன். என்னையக் கொசுறா ஏத்தி விட்டுருங்க. கறிவேப்பிலையாட்டம் ஒரு ஓரமா நின்னுக்கிறேன்.”

“கறிவேப்பிலை இத்தன கனம் இருக்காதுங்களே!”

வரிசை மொத்தமும் சிரித்தது. நான் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

அக்கா அசரவில்லை. ஒரே ஒரு டிக்கெட் வாங்கி மாமா கையில் வைத்தார். “நீங்க பெட்டியில போங்க. நான் படியில வாரேன். முந்தியில இருக்குறது தேங்காய்க்கும் மாலைக்கும் அர்ச்சனைக்கும்.”

மாமா டிக்கெட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

“சேந்து ஏறுறதாத்தான வேண்டுனோம்?”

“நானுந்தான வாரேன்?”

“நீ படியில, நான் பெட்டியில. இது என்னத்துல சேத்தி? அடிவாரத்துலயே கும்புட்டுட்டுப் போவோம் வா. நமக்குப் பழக்கந்தான.”

டிக்கெட்டை அக்கா கையிலேயே திருப்பி வைத்துவிட்டு, கம்பை ஊன்றி ஊன்றி பஸ் நிற்கிற பக்கமாக நடக்க ஆரம்பித்துவிட்டார்.

அக்கா மாமாவின் முதுகைப் பார்த்தார். பிறகு முந்தானை முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். இருந்ததை அப்படியே ஜன்னல் பலகையில் வைத்தார்.

“இன்னொரு முழு டிக்கெட்டு குடுங்க.”

டிக்கெட் கொடுத்தவர் மாமா போகிற பக்கம் எட்டிப் பார்த்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற ஆளைக் கூப்பிட்டு, “அந்த ஐயாவக் கைப்புடிச்சுக் கூட்டியாந்து முன்னால உக்கார வைப்பா. இந்தம்மாளயும் கூடவே உக்கார வை” என்றார். அக்காவைப் பார்த்து, “நம்மனால ஆன கொசுறுங்க” என்றார்.

பெட்டி கிளம்பியது. மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டார், அக்கா மாமாவைப் பிடித்துக்கொண்டார், நான் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். அடிவாரத்துக் கடைகள் தீப்பெட்டி தீப்பெட்டியாய்க் கீழே போயின. அக்கா ஏதாவது பேசுவார் என்று பார்த்தேன். கண்ணைத் துடைப்பதிலேயே இருந்தார்.

தேங்காயும் இல்லை, மாலையும் இல்லை, அர்ச்சனையும் இல்லை. வெறுங்கையோடு சந்நிதியில் இருவரும் ஒட்டி நின்றார்கள். வெளியே வந்ததும் எனக்கு ஆசை தாங்கவில்லை.

“சாமிக்கிட்ட என்னக்கா கேட்டீங்க?”

“என்னத்தக் கேக்குறது? அதான் வந்துட்டோம்ல” என்றார்.

பக்கத்தில் மாமா சிரித்தார். அவருக்கு அத்தனை பல் இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

இப்போதும் நான் பழனிக்குப் போனால் விஞ்ச்சில்தான் ஏறுவேன். என்னை ஒட்டினாற்போல், அன்று அக்கா உட்கார்ந்த பக்கத்தில், வேறு யாராவது வந்து உட்கார்ந்துவிட்டால், எனக்குச் செத்த நேரம் வருத்தமாகத்தான் இருக்கும்.