தூங்க மறுத்த கார்

என் ஒரே மகள் நாட்டை விட்டுப் போன பிற்பகலில் நான் விமான நிலையத்தில் இருக்கவில்லை. ஊரடங்கு, பெற்றோல் வரிசை, வெள்ளம் என்று இந்த நாட்டில் ஒரு தகப்பன் சொல்லக்கூடிய கௌரவமான காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. அன்றைக்கு அவற்றில் ஒன்றுகூட எனக்குக் கிடைக்கவில்லை. வெள்ளவத்தையில், எங்கள் வீட்டுப் போர்ட்டிக்கோவில், காரின் பொனட்டுக்குள் தலையை விட்டபடி நின்றேன். சுகதேகியாக, சுயபுத்தியோடு, என் சொந்த விருப்பத்தின் பேரில்.

காருக்கு வந்த வியாதி இதுதான். மாலையில் நன்றாக ஓடும். காலையில் பற்றரி செத்திருக்கும். புதிய பற்றரி போட்டேன். அதுவும் மூன்றாம் நாள் காலை செத்தது. நிறுத்தி வைத்த காரில் ஏதோ ஒன்று இரவெல்லாம் களவாக மின்சாரம் குடித்துக்கொண்டிருந்தது. கராஜில் காட்டியிருக்கலாம். ஆனால் அந்த வாரம் எனக்கு வேறு வேலை இருக்கவில்லை. (இருந்தது. மகளின் பெட்டி கட்டுகிற வேலை. அந்தப் பக்கம் போக எனக்கு மனம் வரவில்லை.)

துஷா மெல்பேர்னுக்குப் படிக்கப் போகிறாள். இரண்டே வருடம் என்றாள். எங்கள் ஒழுங்கையில் இரண்டே வருடம் என்று பிள்ளைகள் போன வீடுகளில் இப்போது ஒரு தாய், ஒரு தகப்பன், உறை போட்டு மூடிய ஒரு கார், அவ்வளவுதான் மிச்சம். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு அவளை நானே கொண்டுபோய் விடுவதென்று தீர்மானித்திருந்தேன். முகத்தைப் பார்த்து எதையும் கதைத்துப் பழகாதவன் நான். காருக்குள் அந்தத் தொல்லை இல்லை. இரண்டு பேரும் றோட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். அதிவேகப் பாதையில் ஏறியதும் சொல்வதற்கு நான்கு வசனங்களைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். பிறகு வாட்ஸ்அப்பில் சொல்லிச் சமாளிக்கக்கூடிய வசனங்கள் அல்ல அவை.

ஆகவே கார் ஓடியே ஆகவேண்டும்.

யூடியூப்பில் ஒரு வெள்ளைக்காரர் வழி காட்டினார். பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றி இடையில் ஒரு மீற்றரை மாட்டவேண்டும். கதவுகளைப் பூட்டிவிட்டு, கார் தூங்கும்வரை அரை மணித்தியாலம் காத்திருக்கவேண்டும். தூங்கியதும் மீற்றர் ஏறக்குறையப் பூச்சியத்துக்கு இறங்கும். இறங்காவிட்டால் பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றவேண்டும். எதைக் கழற்றும்போது இறங்குகிறதோ அங்கேதான் கள்ளன்.

புறக்கோட்டையில் ஒரு மீற்றர் வாங்கி வந்தேன். சாவியைச் சேட் பொக்கற்றில் போட்டுக்கொண்டு, பிளாஸ்ரிக் கதிரையைக் காருக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அரை மணித்தியாலம் போயிற்று. ஒரு மணித்தியாலம் போயிற்று. மீற்றர் அசையவில்லை.

"இஞ்சாருங்கோ, அவளின்ர பெட்டியை ஒருக்கா நிறுத்துப் பாருங்கோ. பாரம் கூடிப்போச்சோ தெரியேல்லை." மனைவியின் குரல் உள்ளேயிருந்து வந்தது.

"கொஞ்சம் பொறும். கார் இப்ப தூங்கப்போகுது."

"நாலு நாளா அதுவும் தூங்கேல்லை, நீங்களும் தூங்கேல்லை. ஆரை முதல்ல டொக்டரிட்டைக் காட்டுறது?"

பியூஸ்களில் கை வைத்தேன். கழற்றியவற்றை ஒழுங்கு மாறாமல் ஒரு முட்டைத் தட்டில் அடுக்கினேன். பன்னிரண்டாவதைக் கழற்றிய வேளையில் வீட்டுக்கு முட்டை வந்தது. தட்டு தன் இயற்கையான உத்தியோகத்துக்குத் திரும்பியது. பியூஸ்கள் மொத்தமாக ஒரு சம்பல் கிண்ணத்துக்குப் போயின. ஊகத்தின் பேரில் அவற்றை மீண்டும் மாட்டியபோது ஹோர்ன் ஊமையாகிவிட்டது.

துஷா வெளியே வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னத்தை அப்பா தேடுறீங்கள்?"

"கள்ளனை."

"கொழும்புக் கள்ளன் எண்டால் பற்றரியையே கழட்டிக்கொண்டு போயிருப்பான்."

சிரித்துவிட்டு அங்கேயே நின்றாள். ஏதோ சொல்ல வந்தவள் போலிருந்தது. நான் மீற்றரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவள் இல்லை.

பயணத்துக்கு முதல்நாள் பற்றரியை முழுதாகச் சார்ஜ் பண்ணினேன். விஞ்ஞானத்தில் நம்பிக்கை தளர்ந்திருந்தபடியால், சாவிக்குத் திருநீறும் பூசி, வழக்கம்போலச் சாமித் தட்டில் பிள்ளையாரின் காலடியில், அவளுடைய கடவுச்சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அடுத்த நாள் பகல் ஒரு மணிக்குப் பெட்டிகளை வாசலில் இறக்கிவிட்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன். 'டிக்' என்றது. மேற்கொண்டு எதுவும் சொல்ல அது விரும்பவில்லை.

பத்து நிமிடத்தில் ஒழுங்கைக்குள் ஒரு வான் வந்து நின்றது. இந்தப் பதற்றத்திலும் பிள்ளை எவ்வளவு கெட்டித்தனமாக வான் பிடித்துவிட்டாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. பெட்டிகள் ஏறின. தாயும் மகளும் பின்னால் ஏறினார்கள். முன்கதவு திறந்தபடியே இருந்தது.

"அப்பா, ஏறுங்கோ."

"நீங்கள் போங்கோ. நஸீர் நானாவுக்குக் கோல் எடுத்திட்டன். காரைத் திருத்திக்கொண்டு பின்னாலேயே வந்திடுவன்."

"காரை விடுங்கோ அப்பா."

"அஞ்சு நிமிசம் பிள்ளை."

கையெல்லாம் கிறீஸ். புறங்கையால் அவள் தலையைத் தடவினேன். வான் காலி வீதியில் திரும்பும்வரை, பின்னாலேயே வரப்போகிறவனுடைய தோரணையில் கையை ஆட்டினேன்.

நஸீர் நானா கொட்டாஞ்சேனையில் கார்களுக்கு வயரிங் வேலை செய்கிறவர். வாகன நெரிசலில் அகப்பட்டு நான்கு மணிக்குத்தான் வந்து சேர்ந்தார். என் மீற்றரையும் கதிரையையும் சம்பல் கிண்ணத்தையும் வரிசையாகப் பார்த்தார்.

"சேர், இதப் பாத்துக்கிட்டு ஈந்த நேரம் சாவி எங்க ஈந்திச்சி?"

"சேட் பொக்கற்றில."

"ராவைக்கு?"

"சாமித் தட்டில."

"அது எங்க ஈக்கி?"

காரின் மூக்குக்கு முன்னால் இருந்த சுவரைக் காட்டினேன். அதன் மறுபக்கம்தான் சாமித் தட்டு. விசா வரும்வரை சாவி குசினியில் பிரிட்ஜின் மேல் கிடந்தது. விசா வந்த அன்றுதான் கடவுச்சீட்டையும் சாவியையும் சேர்த்துப் பிள்ளையாரின் பொறுப்பில் விட்டோம். கார் சாகத் தொடங்கியதும் அந்தக் கிழமைதான். என் தலைக்குள் இந்த இரண்டும் சந்திக்கவே இல்லை.

நஸீர் நானா ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "இது சிக்னல் அனுப்புற சாவி. கிட்ட ஈந்தா கார் முழிச்சிக்கிட்டுத்தான் சேர் ஈக்கும். மொதலாளி வந்துட்டாரு, இப்ப கதவத் தொறப்பாருண்டு ராவு முழுக்க பாத்துக்கிட்டே ஈந்திக்கி பாவம்."

நான்கு நாட்களாகக் கள்ளனைத் தேடிய பொலிஸ்காரனின் பொக்கற்றிலேயே கள்ளன் இருந்திருக்கிறான். நஸீர் நானா தன் பற்றரியிலிருந்து வயர் கொடுத்தார். கார் அருமையாக ஸ்டார்ட் ஆனது. அதே நேரம் மனைவியின் அழைப்பு வந்தது. "பிள்ளை உள்ளுக்குப் போயிட்டாள்," என்றாள். ஓடுகிற ஒரு காரில், போவதற்கு இடமில்லாமல், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு கிழமை கழித்துத் துஷா வீடியோவில் வந்தாள். சாவி, சுவர், பிள்ளையார், மில்லி அம்பியர் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். அந்த நான்கு வசனங்களைத் தவிர மற்ற எல்லாம் வாயில் வந்தன. கடைசியில், எதையாவது பாராட்டவேண்டும் என்பதற்காக, "அதுசரி, பத்து நிமிசத்தில அந்த வானை எப்பிடிப் பிடிச்சனி?" என்று கேட்டேன்.

"அது முதல்நாளே சொல்லி வச்சது அப்பா," என்றாள் அவள். "உங்கட காரை ஆர் நம்பினது? நீங்கள் முன் சீற்றில இருந்துகொண்டு வருவீங்கள் எண்டுதான் அம்மாவையும் பின்னால ஏத்தினனான்."